வீட்டுப் பக்கக் கல்லூரியா, வெளியூர்க் கல்லூரியா? கிலோமீட்டரை விட்டு மணிக்கணக்கைப் பாருங்கள்

இரண்டு இடத்தில் சீட் கிடைத்துவிட்டது. ஒன்று வீட்டிலிருந்து போய்வரும் தூரம். இன்னொன்றில் ஹாஸ்டலில் தங்கித்தான் படிக்க வேண்டும். பணம் கட்டக் கடைசி நாள் நெருங்குகிறது. இந்தக் கட்டத்தில் வீட்டில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் "கண் முன்னால் இருந்தால் நல்லது", "வெளியே போனால்தான் நாலு விஷயம் தெரியும்" என்ற இரண்டு வரிகளுக்குள்ளேயே சுற்றும். இரண்டும் பொய்யில்லை. ஆனால் அவற்றை வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வர முடியாது.

முதலில் கேள்வியைத் திருத்திக்கொள்ள வேண்டும். இருப்பவை நான்கு வழிகள். முக்கால் மணிக்குள் போய்ச் சேரும் கல்லூரிக்கு வீட்டிலிருந்தே போய்வருவது முதல் வழி. ஒன்றரை மணி நேரம் ஆகும் கல்லூரிக்குத் தினமும் வீட்டிலிருந்து போய்வருவது இரண்டாவது. அதே கல்லூரியில் ஹாஸ்டலில் தங்கி வாரக் கடைசியில் மட்டும் வீட்டுக்கு வருவது மூன்றாவது. ராத்திரி முழுக்கப் பயணம் செய்தால்தான் போய்ச் சேர முடியும் என்ற தூரத்தில் தங்கிப் படிப்பது நான்காவது. இவற்றில் ஆக மோசமானது இரண்டாவது என்பது என் கணிப்பு. செலவே இல்லாததுபோல் தோன்றுவதால் பலர் போய்ச் சிக்குவதும் அதில்தான். மூன்றாவது வழி பல வீடுகளில் பேச்சுக்கே வருவதில்லை. "இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு ஹாஸ்டலா?" என்ற ஒரே கேள்வியில் அது முடிந்துவிடும்.

வாசலிலிருந்து பெஞ்சு வரை

மேப்பில் தூரத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். மேப் காட்டுவது வண்டி ஓடும் நேரத்தை. உங்களுக்குத் தேவை, வாசலில் செருப்பு மாட்டியதிலிருந்து வகுப்பில் உட்காரும்வரை ஆகும் நேரம். ஸ்டாப்புக்கு நடை, காத்திருப்பு, ஓட்டம், மாறி ஏறும் இடைவெளி, கேட்டில் இறங்கிய பிறகு துறைக் கட்டடம் வரை நடை என எல்லாம் அதில் அடக்கம். பெரிய வளாகமாக இருந்தால் இந்தக் கடைசி நடையே பத்துப் பதினைந்து நிமிடத்தைத் தின்றுவிடும்.

ஒரு வேலைநாளில், முதல் வகுப்புக்குப் போய்ச் சேரும்படி கிளம்பி ஒருமுறை போய்ப் பாருங்கள். திரும்பி வருவதையும் அன்றே பாருங்கள். மதியம் இரண்டு மணிக்குத் திரும்பினால் பயனில்லை. லேப் உள்ள நாளில் எப்போது விடுவார்களோ, அந்த நேரத்துக்குக் கிளம்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காரில் போய்விட்டு வந்து "முக்கால் மணிதான் ஆச்சு" என்று சொல்வது கணக்கில் சேராது.

இப்போது பெருக்கிப் பார்க்கலாம். ஆண்டுக்கு 180 வகுப்பு நாட்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வழிக்கு 25 நிமிடம் என்றால் ஆண்டுக்கு 150 மணி நேரம். 50 நிமிடம் என்றால் 300 மணி. 90 நிமிடம் என்றால் 540 மணி. இந்த 540 எவ்வளவு பெரியது என்று தெரிய ஓர் அளவுகோல் வேண்டும். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பின்பற்றும் ஈசிடிஎஸ் முறையில் ஒரு முழு ஆண்டுப் படிப்பு என்பது 60 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு என்பது அதன் கணக்கு. வகுப்பு, லேப், தனியாக உட்கார்ந்து படிப்பது எல்லாம் அதில் சேரும். அப்படியானால் ஓர் ஆண்டுப் படிப்பே 1,500 முதல் 1,800 மணிதான். ஒன்றரை மணி நேரப் பயணம் அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்குச் சமம்.

பயண நேரம் முழுக்க வீண் என்றும் சொல்ல முடியாது. உட்கார இடம் நிச்சயம், வண்டி மாற வேண்டாம், தொடர்ந்து 20 நிமிடத்துக்கு மேல் ஓட்டம் என்றால் அதில் பாடம் கேட்கலாம், குறிப்பைப் புரட்டலாம் (ஓடும் பஸ்ஸில் படித்தால் தலைசுற்றுபவர்களுக்குக் கேட்பது மட்டும்தான் ஒத்துவரும்). நின்றுகொண்டே போவதிலும், நடுவில் இரண்டு முறை மாறுவதிலும் எதுவும் தேறாது. அதனால், உட்கார்ந்து போகும் ஒரு மணி நேர நேரடி ரயில், இரண்டு முறை மாறும் 40 நிமிடப் பயணத்தைவிட மேல் என்று ஆவது உண்டு.

மாறி ஏறுவதில் இன்னொரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. ஒவ்வொரு வண்டியும் 100 நாளில் 95 நாள் நேரத்துக்கு வருகிறது என்றே வைத்துக்கொள்வோம், நல்ல சேவைதான். அப்படி மூன்று வண்டி மாற வேண்டியிருந்தால், மூன்றும் ஒரே நாளில் ஒழுங்காக அமையும் வாய்ப்பு 0.95 × 0.95 × 0.95, அதாவது 86 சதவீதத்துக்கும் கொஞ்சம் குறைவு. ஏழு நாளுக்கு ஒரு நாள் தாமதம். முதல் வகுப்பின் வருகைப்பதிவு இப்படித்தான் கரைகிறது. அதுவும் எப்போதும் ஒரே பாடத்தில் கரையும். ஏனென்றால் முதல் பீரியடுக்கு வரும் பாடங்கள் ஒன்றிரண்டுதான். மொத்த வருகை 85 சதவீதம் இருந்தும் ஒரு பாடத்தில் மட்டும் வருகைப்பதிவு போதாமல் தேர்வு எழுத முடியாமல் போவது இப்படி நேர்வதுதான்.

ஒரு நாளைப் பிரித்துப் பார்ப்போம். முதல் வகுப்பு 8.30. பத்து நிமிடம் முன்பே போய்ச் சேர வேண்டும், பயணம் 90 நிமிடம் என்றால் 6.50-க்கு வாசலைத் தாண்ட வேண்டும். எழுவது 5.50. மாலை லேப் 4.30-க்கு முடிகிறது. அப்சர்வேஷன் நோட்டில் கையெழுத்து வாங்க வரிசையில் நின்று, ஸ்டாப்புக்கு வர 4.50. வீட்டுக்குள் நுழையும்போது 6.20. குளித்துச் சாப்பிட்டுவிட்டு மேஜைக்கு வர 7.15. எட்டு மணி நேரம் தூங்க வேண்டுமென்றால் 9.50-க்குப் படுத்துவிட வேண்டும். கையில் இருப்பது 2 மணி 35 நிமிடம். ரெக்கார்டு, அசைன்மென்ட், நாளைய டெஸ்ட், வீட்டில் சொல்லும் ஒரு வேலை, போனில் போகும் அரை மணி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

அடங்காது. வெட்டு விழுவது தூக்கத்தில்தான். 18 முதல் 25 வயதினருக்கு 7 முதல் 9 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது அமெரிக்க நேஷனல் ஸ்லீப் ஃபவுண்டேஷன் 2015-இல் வெளியிட்ட பரிந்துரை. பதின்பருவத்தின் கடைசியில் உடலின் உள்கடிகாரமே தள்ளிப்போய்தான் ஓடும், 9.50-க்கு விளக்கை அணைத்தாலும் கண் அசராது. 11.30-க்குத் தூங்கி 5.50-க்கு எழுந்தால் கிடைப்பது 6 மணி 20 நிமிடம். வாரம் ஐந்து நாள் இப்படியே போனால் சனிக்கிழமை மதியம்வரை தூங்கித்தான் தீர வேண்டியிருக்கும். "லீவு நாளெல்லாம் தூங்கியே கழிக்கிறான்" என்ற வசை அதற்குப் பிறகு வரும்.

பொருளாதார அறிஞர்கள் புரூனோ ஃபிரேயும் அலோயிஸ் ஸ்டுட்சரும் ஜெர்மனியின் குடும்பக் கணக்கெடுப்புத் தரவுகளை வைத்து 2008-இல் வெளியிட்ட ஆய்வு, வேலைக்குப் போய்வருபவர்களைப் பற்றியது. நீண்ட தூரம் போய்வருபவர்கள், அதற்கு ஈடாகச் சம்பளமோ நல்ல வீடோ கிடைத்தும், மொத்தத்தில் வாழ்க்கையில் குறைவான திருப்தியே சொல்கிறார்கள் என்பது அதில் தெரிந்தது. மிச்சமாகும் பணம் கண்ணுக்குத் தெரிகிறது, தினசரி அலைச்சல் தெரிவதில்லை. கல்லூரித் தேர்விலும் இதே தப்புக்கணக்குதான் போடப்படுகிறது.

என் வரம்பு இது. ஒரு வழிக்கு 45 நிமிடம்வரை என்றால் வீட்டிலிருந்து போய்வருவதில் பெரிய நஷ்டம் இல்லை. 45 முதல் 75 நிமிடம் என்றால் உட்கார இடம் கிடைக்குமா, எத்தனை முறை மாற வேண்டும், வாரத்தில் எத்தனை நாள் காலை முதல் வகுப்பு என்பதைப் பார்த்துச் சொல்ல வேண்டும். 75-ஐத் தாண்டினால், பக்கத்துக் கல்லூரி என்ற பெயரை அதற்குக் கொடுக்காதீர்கள். அங்கே தங்கிப் படியுங்கள், அல்லது வேறு கல்லூரி பாருங்கள்.

பணத்தில் எங்கே கணக்கு தவறுகிறது

வெளியூர்க் கல்லூரிக்கு "ஃபீஸ் கூட்டல் ஹாஸ்டல்" என்று இரண்டு வரி எழுதி முடித்துவிடுவார்கள். விட்டுப்போகும் வரிகள் நிறைய. முன்பணம், முதல் மாதம் வாங்கும் மெத்தை, வாளி, பூட்டு, துணி துவைக்க ஆகும் செலவு, மெஸ் பிடிக்காத நாளில் வெளியே சாப்பிடுவது, இன்டர்நெட், ஊருக்கு வந்துபோகும் டிக்கெட். டிக்கெட்டைச் சாதாரண நாள் கட்டணத்தில் போடாதீர்கள். மாணவர்கள் ஊருக்கு வருவது எல்லாரும் ஊருக்கு வரும் நாட்களில்தான்; அப்போது கட்டணம் ஏறியிருக்கும், அல்லது கடைசி நேரத்தில் கிடைத்த வண்டியில் ஏற வேண்டியிருக்கும். ஆண்டுக்கு ஆறு தடவை என்றால் பன்னிரண்டு டிக்கெட். முதல் ஆண்டு சேர்க்கவும் கடைசி ஆண்டு சாமான் எடுக்கவும் பெற்றோர் போய்வருவது தனி.

ஹாஸ்டல் கட்டணம் பத்து மாதத்துக்கா, பன்னிரண்டு மாதத்துக்கா என்று கேளுங்கள். வெளியே ரூம் எடுத்தால் கோடை விடுமுறைக்கும் வாடகை கொடுத்தாக வேண்டும். விட்டுவிட்டு வந்தால் திரும்பும்போது அந்த ரூம் இருக்காது.

பெரிய ஓட்டை இன்னொன்று. முதல் ஆண்டுச் செலவை நான்கால் பெருக்குவது. ஹாஸ்டலும் மெஸ்ஸும் ஆண்டுக்கு 10 சதவீதம் ஏறுகிறது என்றால், முதல் ஆண்டு 100 ஆன செலவு நான்காம் ஆண்டில் 133. நான்காண்டும் சேர்த்து 400 என்று நினைத்த இடத்தில் 464 ஆகும். கடன் வாங்கினால், படிக்கும்வரை தவணை கட்ட வேண்டாம் என்பதை வட்டி கிடையாது என்று புரிந்துகொள்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் 25 வீதம் நான்கு தடவை வாங்கி, 10 சதவீதத் தனிவட்டி ஓடினால், படிப்பு முடியும் நாளில் கடன் 100 அல்ல, 125. கூட்டுவட்டி என்றால் அதற்கும் மேல்.

பக்கத்துக் கல்லூரிக்கும் செலவு உண்டு. பாஸ் அல்லது பெட்ரோல், வண்டி வாங்கினால் அதன் விலை, இன்ஷூரன்ஸ், சர்வீஸ், மதியச் சாப்பாடு. வீட்டில் சாப்பிடுவதைச் சுழியம் என்று போடக் கூடாது. அதே சமயம், பிள்ளை வெளியூர் போய்விட்டால் வீட்டுச் செலவு அந்த அளவுக்குக் குறையும் என்றும் நினைக்கக் கூடாது. சமையல் சாமான் கொஞ்சம் குறையும், வாடகையும் கரண்ட் பில்லும் அப்படியேதான் இருக்கும். இரண்டு கல்லூரிக்கும் பொதுவாக உள்ளதை அடித்துவிட்டு, மாறுபடும் வரிகளை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கூட்டுங்கள். கையில் வரும் வித்தியாசம்தான் நீங்கள் வெளியூருக்குக் கொடுக்கும் விலை.

உதவித்தொகை இருந்தால் மூன்று விஷயம் பாருங்கள். ஃபீஸுக்கு மட்டுமா, தங்குவதற்கும் சேர்த்தா? ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க எவ்வளவு மதிப்பெண் வேண்டும்? ஒரு பாடம் அரியர் விழுந்தால் நின்றுவிடுமா? மூன்றாவது கேள்விக்கு "ஆம்" என்றால், அந்தத் தொகை இல்லாமலும் இரண்டாம் ஆண்டைச் சமாளிக்க முடியுமா என்று பார்த்துவிட்டுத்தான் சேர வேண்டும்.

துறையைப் பாருங்கள், கல்லூரிப் பெயரை அடுத்துப் பாருங்கள்

தூரமாகப் போவதற்கு ஒரே நியாயமான காரணம், பக்கத்தில் கிடைக்காத ஏதோ ஒன்று அங்கே கிடைப்பது. அது என்ன என்று ஒரே வாக்கியத்தில் பெயர் சொல்ல முடிய வேண்டும். "இந்தப் பிரிவு இங்கே இல்லை", "அங்கே லேப் ராத்திரி ஒன்பதுவரை திறந்திருக்கும்", "நான் போக நினைக்கும் தொழிலின் கம்பெனிகள் அந்த ஊரில்தான் இருக்கின்றன" என்பவை பெயர் சொன்னவை. "அது பெரிய காலேஜ்" என்பது அப்படியில்லை.

ஒரே கல்லூரிக்குள் ஒரு துறை ஓஹோவென்றும் பக்கத்துத் துறை பெயருக்கும் இருப்பது சகஜம். அதனால் விசாரிப்பதைத் துறை அளவில் விசாரியுங்கள். அந்தத் துறையில் நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் மூன்று ஆண்டுக்கு மேல் அங்கேயே இருக்கிறார்கள்? ஆண்டுதோறும் ஆள் மாறும் துறையில் பிராஜெக்டுக்கு வழிகாட்ட ஆள் இருக்காது. லேபில் ஒரு கருவிக்கு எத்தனை பேர்? ஆறு பேர் சுற்றி நின்றால் ஒருவர் செய்வார், ஒருவர் அளவைக் குறிப்பார், நான்கு பேர் பார்த்து எழுதுவார்கள். இரண்டு மூன்று பேர் என்றால்தான் கை படும். விருப்பப் பாடங்களில் அச்சிட்ட பட்டியலைப் பார்க்காமல், போன ஆண்டு உண்மையில் நடத்தியவை எவை என்று கேளுங்கள். பட்டியலில் பன்னிரண்டு இருக்கும், நடந்தது மூன்றாக இருக்கும்.

வேலைவாய்ப்பு எண்களைப் படிக்கவும் ஒரு முறை உண்டு. "95 சதவீதம் பிளேஸ்மென்ட்" என்றால் எதில் 95? சேர்ந்தவர்களிலா, முடித்தவர்களிலா, பதிவு செய்தவர்களிலா? அரியர் உள்ளவர்களைப் பதிவு செய்யவே விடாத இடத்தில் அந்த எண் தானாகவே பெருகும். ஒரே மாணவருக்கு வந்த மூன்று வேலைகளை மூன்றாக எண்ணியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். சராசரிச் சம்பளத்தை நம்பாமல் நடு எண்ணைக் கேளுங்கள். ஐந்து பேரின் சம்பளம் 3, 3, 4, 4, 26 என்றால் சராசரி 8. ஆனால் நடுவில் நிற்பவர் வாங்குவது 4. விளம்பரப் பலகையில் 8 இருக்கும். நீங்கள் வாங்கப்போவது அநேகமாக 4.

இவற்றையெல்லாம் யாரிடம் கேட்பது? இரண்டாம் ஆண்டு மாணவரிடம். முதல் ஆண்டுக்காரருக்கு இன்னும் எதுவும் தெரியாது. கடைசி ஆண்டுக்காரர் வேலைத் தேடலில் மூழ்கியிருப்பார், பழைய எரிச்சல் எல்லாம் மறந்திருக்கும். "காலேஜ் எப்படி?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்றுதான் பதில் வரும். "போன மாதம் எத்தனை வகுப்பு நடக்காமல் போனது?", "பிராஜெக்ட் கைடைப் பார்க்க எத்தனை நாள் அலைய வேண்டும்?" என்று கேளுங்கள், அதற்குப் பொத்தாம்பொதுவாகப் பதில் சொல்ல முடியாது.

சட்டம், ஆசிரியப் பயிற்சி, நர்ஸிங் போலத் தொழில் செய்ய உரிமம் வேண்டிய படிப்பானால் கூடுதலாக ஒன்று. உரிமம் எந்த எல்லைக்குள் செல்லும் என்பது இடத்துக்கு இடம் மாறும். தூரத்தில் வாங்கிய பட்டத்தோடு ஊருக்குத் திரும்பி வேலை பார்க்க, கூடுதல் தேர்வோ பதிவோ தேவைப்படுமா என்று சேர்வதற்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

மாலை நாலரைக்குப் பிறகு நடப்பது

கல்லூரி என்பது வகுப்பு நேரம் மட்டும் என்றால் டே ஸ்காலருக்கும் ஹாஸ்டல்காரருக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. வித்தியாசம் தொடங்குவது மணி அடித்த பிறகு. பிராஜெக்ட் குழு உட்காருவது அப்போது. கிளப் கூட்டம், சீனியர் ஒருவர் இன்டர்ன்ஷிப்புக்கு எப்படி எழுதுவது என்று காட்டுவது, புரியாத கணக்கை நாலு பேர் சேர்ந்து உடைப்பது எல்லாம் அப்போதுதான். பஸ்ஸைப் பிடிக்க ஓடுபவருக்கு இதெல்லாம் மறுநாள் செய்தியாகத்தான் வரும்.

மாணவர்கள் படிப்பைப் பாதியில் விடுவது ஏன் என்று 1975 முதல் எழுதிவந்த சமூகவியலாளர் வின்சென்ட் டின்டோ, படிப்பிலும் கல்லூரியின் சமூக வாழ்க்கையிலும் மாணவர் எந்த அளவுக்கு ஒட்டிக்கொள்கிறார் என்பதையே மையமாக வைத்தார். பின்னாளில் அந்தக் கோட்பாட்டின்மேல் விமர்சனங்களும் வந்தன; வீட்டிலிருந்து வருபவர்களுக்கு அது சரியாகப் பொருந்துவதில்லை என்பது அவற்றில் ஒன்று. ஆனாலும் நடைமுறைக்கு ஒன்று தேறுகிறது: வகுப்புக்கு வெளியே ஒரு பிடிப்பு வேண்டும். ஹாஸ்டலில் அது தானாக அமைந்துவிடும், சமயத்தில் அளவுக்கு மிஞ்சியும். வீட்டிலிருந்து போனால் திட்டமிட்டுத்தான் அமைக்க வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் மாலை ஏழுவரை கல்லூரியில் இருப்பது என்று முதல் மாதமே வைத்துக்கொள்வது போதும். அந்த இரண்டு நாளும் ஏழு மணிக்குப் பிறகு வீடு திரும்பப் பாதுகாப்பான வண்டி இருக்கிறதா என்பதுதான் பக்கத்துக் கல்லூரிக்கான உண்மையான சோதனை. இல்லையென்றால், கல்லூரியின் பாதிதான் உங்களுக்குக் கிடைக்கும்.

தொடர்புகளும் இங்கேதான் உருவாகின்றன. தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் நடத்திய ஆய்வு 1973-இல் வெளிவந்தது. அந்தத் தெரிந்தவரை அடிக்கடி பார்ப்பதாகச் சொன்னவர்கள் 16.7 சதவீதம், எப்போதாவது பார்ப்பதாகச் சொன்னவர்கள் 55.6 சதவீதம். நெருங்கிய வட்டத்துக்குத் தெரிந்தது பெரும்பாலும் உங்களுக்கும் முன்பே தெரிந்திருக்கும். புதுச் செய்தி வருவது அரைகுறையாகப் பழகியவர்களிடமிருந்து. பள்ளி நண்பர்கள் பாதிப் பேர் சேர்ந்திருக்கும் பக்கத்துக் கல்லூரியில் அந்த வட்டம் புதிதாக விரியாமல் போகலாம். தூரப் போனால் விரியும். ஆனால் எந்த ஊரில் வேலை செய்ய நினைக்கிறீர்கள் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். சொந்த ஊரிலேயே தொழில் செய்வது உறுதி என்றால், ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளிச் சேர்த்த பழக்கத்தைவிட உள்ளூர்ப் பழக்கம் கைகொடுக்கும்.

வீட்டில் இருப்பதன் விலை, ஹாஸ்டலில் இருப்பதன் விலை

வீட்டில் இருந்து படிப்பவருக்கு நேரம் அதிகம் என்பது பொது நம்பிக்கை. கதவைச் சாத்திக்கொண்டு உட்கார ஓர் இடம் இருந்தால் அது உண்மை. கூடத்தில் டிவி ஓட, தம்பி தங்கை சுற்றிவர, "நீ வீட்டில்தானே இருக்கிறாய்" என்று கடைக்கும் மருத்துவமனைக்கும் விருந்தாளி வரவேற்புக்கும் ஒரே ஆளை அனுப்பும் வீட்டில் அந்த நேரம் இருக்காது. பெண் பிள்ளைகளுக்கு இந்தச் சுமை கூடுதலாக விழுவது தெரிந்ததே. வீட்டிலிருந்து படிக்க வைப்பது என்று முடிவு செய்தால், மாலை எந்த இரண்டு மணி நேரத்தில் எந்த வேலையும் சொல்லக் கூடாது என்பதையும் சேர்த்தே முடிவு செய்துவிடுங்கள். மறுபக்கம், வீட்டில் நோயாளியையோ வயதானவரையோ பார்த்துக்கொள்ள உண்மையிலேயே ஆள் தேவை என்றால், அதை வெளிப்படையாகச் சொல்லிப் பக்கத்துக் கல்லூரியைத் தேர்வதில் தவறே இல்லை. சொல்லாமல் விட்டு, தூரப் போன பிள்ளையை மாதம் இருமுறை வரவழைப்பதுதான் இரண்டையும் கெடுக்கும்.

ஹாஸ்டலைக் காலை ஏழு மணிக்குப் பாருங்கள். மதியம் பார்த்தால் எல்லா ஹாஸ்டலும் நன்றாகத்தான் இருக்கும். ஏழு மணிக்குக் குழாயில் தண்ணீர் வருகிறதா, ஒரு குளியலறைக்கு எத்தனை பேர் துண்டோடு நிற்கிறார்கள் என்று தெரியும். அறையில் ஆளுக்கொரு பிளக் பாயின்ட் இருக்கிறதா, கட்டிலுக்கு நேர்மேலே விளக்கா, படிக்கும் மேஜைக்கு மேலேயா, கட்டிலில் உட்கார்ந்தபடி போன் பேச சிக்னல் வருகிறதா, இல்லை நடைபாதைக் கோடிக்குப் போக வேண்டுமா என்று பாருங்கள். விடுமுறையில் ஹாஸ்டலை மூடுகிறார்களா என்று கட்டாயம் கேளுங்கள். மூடினால் சாமான் எங்கே வைப்பது, விடுமுறையில் இன்டர்ன்ஷிப் கிடைத்தால் எங்கே தங்குவது என்பது இரண்டாம் ஆண்டிலேயே பிரச்சினையாக வரும். ராகிங் புகாரை யாரிடம் கொடுப்பது என்று மாணவரிடம் கேட்டுப் பாருங்கள். ஒருவரின் பதவியையும் அறையையும் சட்டென்று சொன்னால் நல்ல அறிகுறி.

வீட்டு ஏக்கம் முதல் சில வாரங்களில் கடுமையாக இருந்து, பெரும்பாலோருக்கு மெல்லக் குறையும். அந்த நாட்களில் ஒவ்வொரு வாரமும் ஊருக்கு ஓடிவந்தால் குறைவது தள்ளிப்போகும், ஏனென்றால் வாரக் கடைசியில்தான் அறைத் தோழர்கள் ஒருவரோடொருவர் பழகுவார்கள். முதல் வருகையை நான்கு முதல் ஆறு வாரம் கழித்து வைத்து, தேதியை முன்பே குறித்து, டிக்கெட்டும் எடுத்துவிட்டால் நாளை எண்ணிக் கடக்க முடிகிறது. ஆறு வாரம் கடந்த பிறகும் சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் இல்லை, வகுப்புக்கே போகவில்லை என்றால் அதை வெறும் ஏக்கம் என்று தள்ளிவிடாமல் மருத்துவரையோ கல்லூரி ஆலோசகரையோ பார்க்க வேண்டும்.

ஆஸ்துமா, சர்க்கரை, வலிப்பு போலத் தொடர் மருத்துவம் தேவைப்படுபவருக்குத் தூரம் என்பது வேறு பொருள் கொள்ளும். ராத்திரி பத்து மணிக்கு அழைப்பு வந்தால் வீட்டிலிருந்து கிளம்பும் ஆள் எத்தனை மணிக்கு அங்கே இருப்பார் என்று மணிக்கணக்கில் எழுதிப் பாருங்கள். ஆறு மணி நேரம் என்றால் ஒரு விதம், மறுநாள் மாலை என்றால் வேறு விதம். இரண்டாவது நிலைமை என்றால், அந்த ஊரில் ஒரு மருத்துவரை முதல் வாரமே பார்த்துக் கோப்பு தொடங்கி, அறைத் தோழர் ஒருவருக்கும் வார்டனுக்கும் மருந்து பற்றிச் சொல்லி வைத்த பிறகுதான் பெற்றோர் திரும்ப வேண்டும்.

தவறினால் திரும்ப எது சுலபம்

ஒப்பிடும்போது பலர் விட்டுவிடுவது இது. பக்கத்துக் கல்லூரியில் சேர்ந்து பயணம் கட்டுப்படியாகவில்லை என்றால் இரண்டாம் ஆண்டில் ஹாஸ்டலுக்கு மாறலாம் என்று நினைப்போம். ஆனால் ஹாஸ்டல் இடம் ஒதுக்கும்போது தூரத்திலிருந்து வருபவர்களுக்கே முன்னுரிமை தருவது பல கல்லூரிகளின் வழக்கம். "உங்கள் வீடு பக்கம்தானே" என்று இடம் மறுக்கப்படலாம். வேறு சில கல்லூரிகளில் முதல் ஆண்டுக்கு மட்டும்தான் ஹாஸ்டல் உறுதி, அதற்கப்புறம் வெளியே ரூம் தேட வேண்டும். சேரும்போதே இரண்டையும் கேட்டு வையுங்கள்.

தூரக் கல்லூரியிலிருந்து பக்கத்துக் கல்லூரிக்கு மாறுவது இன்னும் கடினம். பாடத்திட்டம் ஒத்துப்போக வேண்டும், அங்கே இடம் காலியாக இருக்க வேண்டும், முடித்த கிரெடிட்டுகளை ஏற்க வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் ஓர் ஆண்டு போய்விடும். ஆக, மனம் இரண்டும்கெட்டானாக இருந்து, துறையின் தரமும் ஏறத்தாழ ஒன்றே என்றால், முதலில் பக்கத்தில் சேர்வது பின்வாங்கச் சுலபமான வழி. மேற்படிப்பு படிப்பது உறுதி என்றால் இதற்கு இன்னும் வலு கூடும்: இளநிலையைக் குறைந்த செலவில் பக்கத்தில் முடித்து, மிச்சமான பணத்தையும் வயதையும் வைத்துக்கொண்டு முதுநிலைக்குத் தூரம் போகலாம். இளநிலையோடு வேலைக்குப் போவதுதான் திட்டம் என்றால் கதை மாறும். அப்போது கம்பெனிகள் வரும் கல்லூரி, இன்டர்ன்ஷிப் கிடைக்கும் ஊர் என்பவை தூரத்தின் விலையை நியாயப்படுத்தக்கூடும்.

முடிவெடுக்கும் வரிசை

இருபது அம்சங்களை எழுதி ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டும் முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். மனதில் ஏற்கெனவே இருக்கும் கல்லூரி ஜெயிக்கும்வரை மதிப்பெண்ணை மாற்றிக்கொண்டே இருப்போம். அதைவிடக் கழித்துக்கொண்டே வருவது நல்லது. முதல் கழிவு, பணம்: கடைசி ஆண்டின் ஏறிய செலவையும் தாங்க முடியாதது வெளியே. இரண்டாவது, நேரம்: 75 நிமிடத்துக்கு மேல் தினமும் போய்வர வேண்டியது வெளியே. மூன்றாவது, துறை: ஆசிரியர் இல்லாத, லேப் இல்லாத துறை எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் வெளியே. இதிலேயே பெரும்பாலும் ஒன்றுதான் மிஞ்சும். இரண்டு மிஞ்சினால் மாலை நேரம் எங்கே நன்றாக அமையும் என்று பார்த்துவிட்டு, கடைசிச் சொல்லைப் படிக்கப்போகிறவரிடம் விட்டுவிடுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன் எழுத்தில் வாங்க வேண்டியவை நான்கு. ஹாஸ்டல் ஒதுக்கீடு, அறை எண் இல்லாவிட்டாலும் எந்த வகை அறை என்ற குறிப்போடு. எந்தத் தேதிக்குள் விலகினால் ஃபீஸில் எவ்வளவு திரும்ப வரும் என்ற விதி. ஹாஸ்டலை நடுவில் காலி செய்தால் முன்பணம் என்னவாகும் என்ற விதி. அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்றால் அதற்கான ரசீது. "அதெல்லாம் பார்த்துக்கலாம், முதலில் கட்டுங்கள்" என்று அலுவலகத்தில் சொன்னால், ஃபீஸ் கட்டாமல் வெளியே வந்து, அதே கேள்விகளை மின்னஞ்சலில் எழுதிக் கேட்டுவிட்டு, பதில் வந்த பிறகு கட்டுங்கள். கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்பே இதைத் தொடங்கினால்தான் பதிலுக்குக் காத்திருக்க நேரம் இருக்கும்.